பழைய ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்கு எந்தப் பழைய பாணி தொலைநோக்கி பொருந்தும்?

ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரோலிங் பிளாக் போன்ற 19ஆம் நூற்றாண்டு ரைஃபிள்களில் ஒவ்வொரு முறையும் ஒரு தோட்டாதான் போட முடியும். அவற்றுக்கான பழைய பாணி ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), துப்பாக்கிக் குழல் நீளத்துக்கே ஓடும் ஒல்லிக் குழாய். 1855 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸில் வில்லியம் மால்கம் இதைச் செய்யத் தொடங்கினார்; இன்றும் இந்த வகைக்கு அவர் பெயர்தான்.

வாங்கும்போது கண்ணாடியைவிட முதலில் ஸ்கோப்பைத் துப்பாக்கியில் பிடித்து நிறுத்தும் தாங்கிகளைப் பாருங்கள். இன்றைய ஸ்கோப்பில் குறி சரிசெய்வது குழாய்க்குள்ளே நடக்கும். இதிலோ தாங்கியில் உள்ள திருகைத் திருப்பினால் முழுக் குழாயே நகரும். ஏன் இது முக்கியம்? இந்தத் தோட்டாக்கள் கனமானவை, மெதுவாகப் போகிறவை. 100 கெஜத்துக்குக் குறி வைத்த .45-70 என்ற அளவுத் தோட்டா 200 கெஜத்தில் சுமார் 2 அடி கீழே இறங்கிவிடும். தூரத்துச் செடிக்குத் தண்ணீர் எட்ட ரப்பர் குழாயின் முனையைத் தூக்கிப் பிடிக்கிறோமே, அதே கதைதான். பின் தாங்கி போதுமான உயரம் ஏறாவிட்டால் ஸ்கோப் வெறும் அலங்காரம்.

அப்புறம், சுடும் நிலையில் தோளில் வைத்துப் பாருங்கள். முழுக் காட்சி தெரிய கண்ணை ஸ்கோப்பின் விளிம்புக்கே கொண்டுபோக வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். உதைப்பில் புருவம் கிழியும்.

நீளக் குழாய் என்றால் உருவம் அதிகம் பெரிதாகத் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இவற்றில் பல வெறும் 6 மடங்குதான்.