ஆற்றோரக் கிணறும் ஆற்று நீரும்: கேள்வி பதில்

கேள்வி: சார், ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளியுள்ள கிணற்றில் மோட்டார் ஓட்டினால் ஆற்றில் தண்ணீர் குறையுமா?

குறையும், ஆனால் அன்றைக்கே அல்ல. முதலில் கிணறு தன்னைச் சுற்றித் தேங்கிய நீரைத்தான் எடுக்கும். நீர்மட்டச் சரிவு பரவிக் கரையைத் தொட்ட பிறகு, ஆற்றுக்கு வர வேண்டிய ஊற்று குறையும். இன்னும் இறைத்தால் ஆற்று நீரே நிலத்துக்குள் இறங்கும்.

இதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்று பார்க்க, அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் ஜென்கின்ஸ் 1968-இல் ஓர் எளிய அளவு கொடுத்தார். தூரத்தின் வர்க்கத்தை மண்ணின் நீர்விடும் அளவால் (நீர்மட்டம் இறங்கும்போது மண் விட்டுக்கொடுக்கும் நீரின் பங்கு) பெருக்கி, நீர் கடத்தும் திறனால் (நீர் தாங்கும் மண் அடுக்கு முழுவதும் நீரைக் கடத்தும் அளவு) வகுக்க வேண்டும். தூரம் 1000 மீட்டர், நீர்விடும் அளவு 0.2, கடத்தும் திறன் நாளுக்கு 1000 சதுர மீட்டர் என்றால் விடை 200 நாள். விடாமல் இறைத்தால் 200-ஆவது நாளில் எடுக்கும் நீரில் ஏறக்குறைய 48 சதவீதம் ஆற்றின் இழப்பு. அதுவரை எடுத்த மொத்தத்தில் 28 சதவீதம். தூரம் இரண்டு மடங்கானால் 800 நாள்.

மோட்டாரை நிறுத்திய நாளோடு இழப்பு நிற்காது, இதை மறக்காதீர்கள். தொலைவுக் கிணறுகளில் நிறுத்திய பிறகுதான் உச்சமே வரும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், சவுத் பிளாட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 2006-இல் 400-க்கும் மேற்பட்ட கிணறுகள் நிறுத்தப்பட்டன. காரணம், ஆற்று நீரில் முன்பே உரிமை பெற்றவர்களுக்கு ஈடாக ஆற்றில் விடக் கிணற்றுக்காரர்களிடம் தண்ணீர் இல்லை. முந்தைய ஆண்டுகளில் இறைத்ததற்கும் ஈடு கட்ட வேண்டியிருந்தது.

கேள்வி: எங்க கிணறு 600 மீட்டர் தூரம். எத்தனை நாள்?

அதே மண் என்றால் 72 நாள்.

கேள்வி: சொட்டுநீர் போட்டால் ஆற்றுக்கு மிச்சமாகுமா?

இறைப்பது குறையும். வயலிலிருந்து கீழே இறங்கும் நீரும் சேர்ந்து குறையும். பயிரும் வெயிலும் எடுத்துக்கொண்டதுதான் உண்மையான செலவு. மிச்சப்பட்டதை வைத்து இன்னும் ஓர் ஏக்கர் நட்டால் ஆற்றுக்கு நட்டம்தான்.

கேள்வி: ஒன்றரை கிலோமீட்டர் என்றால்?

சூத்திரம் மேலே இருக்கிறது. மண் விவரம் இல்லாமல் தூரத்தை மட்டும் அனுப்பாதீர்கள், ஐயா.

கேள்வி (பெருந்துறை): கீழ்பவானி வாய்க்காலுக்கு கான்கிரீட் போட்டால் எங்க கிணறெல்லாம் வத்திப்போகும். கசிவுநீர் வீண் இல்லைன்னு சொல்லுங்க.

வீண் இல்லை. 200 கிலோமீட்டர் மண் வாய்க்காலில் இறங்கும் நீர்தான் கிணறுகளிலும் பள்ளங்களிலும் மீண்டும் வருகிறது.

கேள்வி (கரூர் கடைமடை): அப்ப எங்க பங்கு? வாய்க்கால் ஓரத்தில் மோட்டார் வச்சு இறைச்சுட்டு, மீதியைக் கசிவுன்னு கணக்கு எழுதுறாங்க. எங்க வயலுக்கு வந்தால்தானே தண்ணீர்?

உங்கள் கோபம் நியாயமானது. வாய்க்காலை ஒட்டிய கிணறு வாய்க்கால் நீரையே இழுக்கும். அதை நிலத்தடி நீர் என்று தனியாக எழுதினால் ஒரே தண்ணீரை இரண்டு முறை எண்ணுகிறோம். அதேசமயம், கசிந்ததெல்லாம் கான்கிரீட் போட்டால் கடைமடைக்கு வந்துவிடும் என்பதும் தவறு. கசிவில் ஒரு பகுதியை இப்போதே கிணற்றுப் பாசனம் பயன்படுத்துகிறது. அதை நிறுத்தினால் அந்த ஏக்கர்கள் காயும். வாய்க்கால் திறக்கும் முன்னும் மூடிய பின்னும் கிணற்று மட்டத்தை வாராவாரம் அளந்து, கரையிலிருந்து எத்தனை நாளில் ஏறுகிறது என்று பாருங்கள். இரு பக்கமும் ஒப்புக்கொள்ளும் எண்கள் அப்படித்தான் கிடைக்கும்.

கேள்வி (பெருந்துறை): அளக்கிறதுக்குள்ள கான்கிரீட் போட்டுடுவாங்க.

அதனால்தான் வாய்க்காலில் இந்த முறை தண்ணீர் திறக்கும்போதே தொடங்கச் சொல்கிறேன். கயிறும் நோட்டும் போதும்.

கேள்வி: 900 அடி போர், கரும்பாறை. இந்தச் சூத்திரம் சரிவருமா?

வராது. இது சீரான மணற்பாங்கான நிலத்துக்கு. பாறையில் நீர் வெடிப்பு போகிற வழியில் போகும்.

கேள்வி: எத்தனை எச்.பி. மோட்டார் வாங்கலாம்?

மோட்டார் மெக்கானிக்கைக் கேளுங்கள்.

கேள்வி: பாலாறு மாதிரி வறண்ட ஆற்றுக்கு?

நீர்மட்டம் ஆற்றுப்படுகையைவிட ரொம்பக் கீழே போய்விட்டால் ஆறும் நிலத்தடி நீரும் துண்டித்துவிடும். அதன்பின் எவ்வளவு இறைத்தாலும் வெள்ளம் வருகிறபோது படுகை வழியாக இறங்கும் வேகம் அதிகரிக்காது. அங்கே வெள்ளம் ஓடிய நாட்களையும் மணலின் ஆழத்தையும் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.