ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்க ஃபுல்பிரைட்-நேரு மூலம் அமெரிக்கா போய்த் திரும்பியவள் நான். விண்ணப்பிக்கிறவர்களின் கட்டுரைகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையைப் பல ஆண்டுகளாக விருப்பத்தோடு செய்து வருகிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். விதிகள் ஆண்டுதோறும் கொஞ்சம் மாறும். அதனால் இதைப் படித்த பிறகு இந்தியாவில் இந்தத் திட்டத்தை நடத்தும் யு.எஸ்.ஐ.இ.எஃப். (அமெரிக்க-இந்தியக் கல்வி அறக்கட்டளை) இணையதளத்தில் அந்த ஆண்டின் அறிவிப்பையும் பார்த்துவிடுங்கள்.

அக்கா, இது அமெரிக்க அரசு கொடுக்கும் பணமா, நம் அரசு கொடுப்பதா? நேரு பெயர் எப்படி வந்தது? (கல்லூரி மாணவி, திண்டுக்கல்)

இரண்டு அரசுகளும் சேர்ந்து கொடுப்பது. ஜே. வில்லியம் ஃபுல்பிரைட் என்ற அமெரிக்க செனட்டர் கொண்டுவந்த சட்டத்தில் 1946 ஆகஸ்ட் 1 அன்று அதிபர் ட்ரூமன் கையெழுத்திட்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்க ராணுவத்தின் உபரிப் பொருள்கள் பல நாடுகளில் கிடந்தன. அவற்றை விற்று வரும் பணத்தில் மாணவர்களையும் ஆசிரியர்களையும் நாடு விட்டு நாடு அனுப்பலாம் என்பதுதான் அவருடைய யோசனை. இந்தியாவோடு 1950 பிப்ரவரி 2 அன்று ஒப்பந்தம் ஆனது. நம் பக்கம் கையெழுத்திட்டவர் நேரு. 2008-இல் புதிய ஒப்பந்தம் போட்டு, இந்தியாவும் சம பங்காளியாகப் பணம் போட ஆரம்பித்தது. நேரு பெயர் சேர்ந்ததும் அப்போதுதான். யு.எஸ்.ஐ.இ.எஃப்.-இன் தலைமை அலுவலகம் டெல்லியில் இருக்கிறது, சென்னையிலும் கிளை உண்டு.

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டு விண்ணப்பிப்பது நல்லது. நம் வரிப்பணமும் இதில் இருக்கிறது. உங்களை அனுப்பினால் இந்த ஊருக்கு என்ன கிடைக்கும் என்று தேர்வுக்குழு கேட்பது அதனால்தான்.

நான் ஐ.டி. கம்பெனியில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க இது கிடைக்குமா? (சென்னை)

கிடைக்காது, தம்பி. முதுகலைக்கான உதவித்தொகை குறிப்பிட்ட சில துறைகளுக்கு மட்டும்தான்: பொதுச் சுகாதாரம், சுற்றுச்சூழல், இதழியல், பொது நிர்வாகம், நகரத் திட்டமிடல், பெண்ணியல், சர்வதேசச் சட்டம், உயர்கல்வி நிர்வாகம், கலை மற்றும் பாரம்பரியப் பாதுகாப்பு போன்றவை. கம்ப்யூட்டர் சயின்ஸும் எம்.பி.ஏ.வும் அதில் இல்லை.

உங்கள் வேலையே இந்தத் துறைகளில் ஒன்றைத் தொட்டுக்கொண்டிருந்தால் நிலைமை வேறு. உதாரணமாக, மாநகராட்சிகளுக்குக் குடிநீர் வரைபட மென்பொருள் செய்கிறவர் நகரத் திட்டமிடல் படிக்கக் கேட்கலாம். உதவித்தொகைக்காகத் துறையை மாற்றி எழுதினால் மட்டும் எடுபடாது. நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

பி.ஏ. மூன்று வருடம் முடித்து, ஒரு நாளிதழில் நான்கு வருடமாக நிருபராக இருக்கிறேன். தகுதி உண்டா மேடம்? (மதுரை)

வேலை அனுபவம் போதும். துறை சார்ந்த முழுநேர வேலையில் குறைந்தது மூன்று வருடம் கேட்கிறார்கள். படிப்பில்தான் சிக்கல். அமெரிக்காவில் இளங்கலை நான்கு வருடம். மூன்று வருடப் பட்டம் மட்டும் இருந்தால் அதோடு ஒரு முதுகலைப் பட்டமோ முழுநேர முதுநிலை டிப்ளமோவோ வேண்டும். பி.இ., பி.டெக். போன்ற நான்கு வருடப் படிப்பு என்றால் பிரச்சினை இல்லை. மதிப்பெண் 55 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஏற்கெனவே அமெரிக்கப் பல்கலைக்கழகப் பட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்த முதுகலை உதவி கிடையாது.

வேலையில் இருப்பதால் விடுப்பு தருவதாக அலுவலகத்தின் ஒப்புதலும் வேண்டும். சின்னப் பத்திரிகைகளில் இதை வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆசிரியரிடம் கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள், இப்போதே பேசி வையுங்கள்.

படித்து முடித்ததும் அங்கேயே வேலை தேடிக்கொள்ளலாமா? இரண்டு வருட விதியைத் தவிர்க்க வழி இருப்பதாகச் சொல்கிறார்களே? (பலர் கேட்டது)

அதிகம் பேர் கேட்டது இதைத்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

ஃபுல்பிரைட்டில் போகிறவர்களுக்கு ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசா. அரசுப் பணத்தில் ஜே-1 விசாவில் போனால், படிப்பு முடிந்த பிறகு மொத்தம் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். அதுவரை எச்-1பி, எல் வகை வேலை விசாக்கள் கிடைக்காது, கிரீன் கார்டும் கிடையாது. கூடப் போகும் கணவன் அல்லது மனைவிக்கும் இது பொருந்தும். இரண்டு வருடத்தைத் தொடர்ச்சியாகக் கழிக்க வேண்டியதில்லை, கூட்டினால் இரண்டு வருடம் வந்தால் போதும். இடையில் மாநாட்டுக்கோ உறவினர் வீட்டுத் திருமணத்துக்கோ சுற்றுலா விசாவில் போய்வரலாம்.

விலக்கு கேட்க வழி இருப்பது உண்மைதான். நம் அரசிடம் 'ஆட்சேபணை இல்லை' என்று கடிதம் வாங்கி விண்ணப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சொந்தச் செலவில் ஜே-1 விசாவில் போனவர்களுக்கு அது பலன் தரலாம். அமெரிக்க அரசின் பணத்தில் போனவர்களுக்கு அந்தக் கடிதத்தை வைத்து விலக்கு தருவது மிக அரிது. அதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிடாதீர்கள்.

என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த விதி ஒரு தண்டனை இல்லை, திட்டத்தின் நோக்கமே அதுதான். ஒருவர் போய்க் கற்று, மனிதர்களோடு பழகி, திரும்பி வந்து இங்கே அதைப் பயன்படுத்த வேண்டும் என்றுதான் இரண்டு நாடுகளும் செலவு செய்கின்றன. அமெரிக்காவில் குடியேறுவது உங்கள் ஆசை என்றால் அதில் தவறே இல்லை. ஆனால் அதற்கு எஃப்-1 மாணவர் விசா, பல்கலைக்கழகத்தின் சொந்த உதவித்தொகை, கல்விக் கடன் என்று வேறு பாதைகள் உள்ளன. அந்த ஆசையை மறைத்துக்கொண்டு இங்கே விண்ணப்பித்தால், திரும்பி வரத் தயாராக இருக்கும் ஒருவரின் இடம் போய்விடும்.

கட்டுரையில் என்ன எழுதினால் எடுபடும்? (திருநெல்வேலி)

என்னிடம் வரும் பத்துக் கட்டுரைகளில் எட்டு 'சிறு வயது முதலே' என்றுதான் ஆரம்பிக்கின்றன. முதல் பத்தியிலேயே நீங்கள் பார்த்த பிரச்சினையைச் சொல்லுங்கள். எந்த ஊர், எந்த வேலை, எங்கே முட்டி நின்றீர்கள். அப்புறம், அதைத் தீர்க்க உங்களுக்குத் தெரியாதது எது, அதை அமெரிக்காவில் ஏன் கற்க வேண்டும். கடைசியாக, திரும்பி வந்து எந்த வேலையில், யாரோடு சேர்ந்து, என்ன செய்வீர்கள்.

'சமூகத்துக்குச் சேவை செய்வேன்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். 'எங்கள் மாவட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் சர்க்கரை நோயாளிகள் இரண்டாவது முறை வராமல் போவது ஏன் என்று பார்ப்பேன்' என்று எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான். பெரிய பதவியில் இருப்பவர் எழுதும் நான்கு பொதுவான வரிகளைவிட, உங்கள் வேலையைத் தினமும் பார்த்தவர் எழுதும் ஒரு பக்கம் மேல்.

தமிழ் அச்சு வரலாற்றில் பிஎச்.டி. செய்கிறேன். தமிழ் ஆய்வுக்கு அமெரிக்கா எதற்கு என்று வீட்டில் சிரிக்கிறார்கள். (தஞ்சாவூர்)

வீட்டில் கேட்பதையேதான் தேர்வுக்குழுவும் கேட்கும், அதனால் பதிலைத் தயார் செய்துகொள்ளுங்கள். நல்ல பதில் உண்டு. 1962 முதல், அமெரிக்கக் கோதுமைக்கு இந்தியா ரூபாயில் செலுத்திய பி.எல்.480 பணத்தைக் கொண்டு, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் டெல்லி அலுவலகம் இந்திய மொழிப் புத்தகங்களையும் இதழ்களையும் வாங்கி அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. இங்கே கிடைக்காத சில தமிழ் இதழ்கள் அங்கே அடுக்கில் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். சிகாகோ பல்கலைக்கழகம் கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பை வாங்கியும் அதைச் சென்னையிலேயே நூலகமாக வைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எது தரமணியில் உள்ள அந்த நூலகத்திலேயே கிடைக்கும், எதற்கு அங்கே போக வேண்டும் என்று பிரித்து எழுதுங்கள்.

முனைவர் ஆய்வுக்கான உதவி ஆறு முதல் ஒன்பது மாதம். இந்தியப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து ஒரு வருடமாவது ஆகியிருக்க வேண்டும். அங்குள்ள பேராசிரியர் ஒருவரின் அழைப்புக் கடிதம் இருந்தால் விண்ணப்பம் வலுப்படும்.

ஏ.கே. ராமானுஜன் 1959-இல் இண்டியானா பல்கலைக்கழகத்துக்குப் போனது ஃபுல்பிரைட்டில்தான் என்று வீட்டில் சொல்லுங்கள். சங்கப் பாடல்களை ஆங்கில வாசகர்கள் அறிந்ததில் அவருடைய மொழிபெயர்ப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

நான் மிருதங்கக் கலைஞன். பட்டப்படிப்புக்காரர்களுக்கு மட்டும்தானா இதெல்லாம்? (கும்பகோணம்)

இல்லை, ஐயா. பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்து தங்கள் துறையில் பெயர் பெற்றவர்களுக்கும் சில பிரிவுகளில் இடம் உண்டு. இசையில் இதற்கு அழகான முன்னுதாரணமும் இருக்கிறது. புல்லாங்குழல் டி. விஸ்வநாதன் 1958-இல் ஃபுல்பிரைட்டில் கலிஃபோர்னியா போனார். அமெரிக்கரான ஜான் ஹிக்கின்ஸ் அதே திட்டத்தில் சென்னைக்கு வந்து விஸ்வநாதனிடம் பாட்டுக் கற்றார், திருவையாறு ஆராதனையில் பாடினார், நம் ரசிகர்கள் அவரை ஹிக்கின்ஸ் பாகவதர் என்றே அழைத்தார்கள். இந்தப் பரிமாற்றம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இவர்கள்தான். உங்கள் கச்சேரி, கற்பித்தல் பதிவுகளை இப்போதிருந்தே தேதியோடு ஒழுங்காகச் சேர்த்து வையுங்கள்.

ஒரு ஏஜென்சி நாற்பதாயிரம் கேட்கிறது. கொடுக்கலாமா? (ஈரோடு)

கொடுக்காதீர்கள். விண்ணப்பக் கட்டணமே கிடையாது. தேர்வானால் விமானக் கட்டணம், கல்விக் கட்டணத்துக்கான நிதி, தங்கும் செலவு, மருத்துவக் காப்பீடு எல்லாம் அவர்கள் தருவார்கள். அமெரிக்க அரசின் பரிமாற்றத் திட்டத்தில் போவதால் விசாக் கட்டணமும் இல்லை. முதுகலையில் குடும்பத்துக்கான செலவு மட்டும் சேராது.

நான் யாழ்ப்பாணம். சென்னை அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாமோ? (ஆசிரியை)

நீங்கள் கொழும்பில் உள்ள அமெரிக்க-இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழுவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். இலங்கையோடு 1952-இலேயே தனி ஒப்பந்தம் ஆகிவிட்டது. எந்த நாட்டுக் குடியுரிமையோ அந்த நாட்டின் திட்டம்தான். துறை, தகுதி விதிகளும் வேறுபடும், அதனால் மேலே நான் சொன்னவற்றை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2025-இல் ஃபுல்பிரைட் வாரியமே ராஜினாமா செய்தது என்று படித்தேன். இந்த நேரத்தில் விண்ணப்பிப்பது சரியா? வேலையை விட்டுவிட்டுத் தயாராகலாமா? (சேலம்)

படித்தது சரிதான். தேர்வில் அமெரிக்க அரசு தலையிடுகிறது என்று சொல்லி, 2025 ஜூன் மாதம், தேர்வுகளுக்கு இறுதி ஒப்புதல் தரும் அமெரிக்காவின் ஃபுல்பிரைட் வாரிய உறுப்பினர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் விலகினார்கள். அதே மாதம் ஜே விசா கேட்பவர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் வைக்க வேண்டும் என்றும் அறிவிப்பு வந்தது. எனக்கு இது வருத்தம்தான். தேர்வு அரசியலுக்கு அப்பால் நடக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்தத் திட்டம் இத்தனை காலம் நின்றது.

ஆனாலும் விண்ணப்பியுங்கள். அமெரிக்கச் சட்டமும் இரு நாட்டு ஒப்பந்தமும் அப்படியே இருக்கின்றன. வேலையை மட்டும் விடாதீர்கள். முதுகலைக்கு வழக்கமாக ஆண்டின் தொடக்கத்தில் அறிவிப்பு வரும், மே வாக்கில் கடைசி நாள், புறப்படுவது அடுத்த ஆண்டு ஆகஸ்டில். இறுதிக் கடிதமும் விசாவும் கையில் வந்த பிறகு ராஜினாமாவைப் பற்றி யோசித்தால் போதும். அதையும்விட, விடுப்பில் போய்த் திரும்ப முடியுமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.