பை (π) வந்தால் என் மகள் திணறுகிறாள்

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். எக்ஸ்/2 + பை/3 = 3பை/4 என்ற சமன்பாட்டில் பைக்குப் பதில் 22/7 போட்டு, ஒரு பக்கம் முழுக்கப் பெருக்கி, 55/21 என்று விடை எழுதினாள். தப்பு என்று சிவப்பு மையில் சுழித்திருக்கிறார்கள். பின்னமே அவளுக்கு வராதோ என்று பயமாக இருக்கிறது. டியூஷனில் சேர்க்கலாமா?
- ஒரு தாய், கும்பகோணம்

பதில்: சகோதரி, டியூஷனைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். நானும் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பையை 22/7 என்று வைத்தால் 55/21 தான் வருகிறது. அத்தனை பின்னங்களையும் பிசகாமல் பெருக்கிச் சுருக்கியிருக்கிறாள். அவளுக்குப் பின்னம் வராது என்பதை நான் ஏற்க மாட்டேன். இடறியது பையில்தான்.

அதற்கும் காரணம் இருக்கிறது. சின்ன வகுப்புகளில் வட்டம், உருளை என்று எது வந்தாலும் ‘பை = 22/7 எனக் கொள்க’ என்று போட்டிருக்கும். நாளடைவில் ‘எனக் கொள்க’ மறந்துபோய், பை என்றாலே 22/7 என்று மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் 22/7 பையைவிடக் கொஞ்சம் பெரியது. ஆர்க்கிமிடீஸ் இதை 2,200 ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். எந்தப் பின்னமும் பைக்குச் சரியாகப் பொருந்தாது என்பதை 1760களில் கணித அறிஞர் லாம்பர்ட் நிரூபித்தார். அதனால்தான் பையை எழுத்தாகவே விடுகிறோம்.

எழுத்தாக இருந்தாலும் அது எக்ஸைப் போன்ற மாறி இல்லை, 5, 8 போல ஒரு எண். இதை அவளிடம் நிதானமாகச் சொல்லுங்கள். பிறகு அதே கணக்கை எடுக்கச் சொல்லுங்கள். 2, 3, 4 ஆகிய பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கு (மீ.பொ.ம.) 12. எல்லா உறுப்பையும் 12ஆல் பெருக்கினால் 6எக்ஸ் + 4பை = 9பை. பின்னம் மொத்தமும் போய்விட்டது! ஒன்பது பையில் நான்கு பை போனால் ஐந்து பை. 6எக்ஸ் = 5பை, எக்ஸ் = 5பை/6. மூன்றே வரி.

இந்த விடையின் அழகையும் அவள் பார்க்க வேண்டும். கோணத்தை அளக்கும் ரேடியன் என்ற அலகில் பை என்பது 180 பாகை. அப்படியானால் 5பை/6 என்பது 150 பாகை. 55/21ஐப் பார்த்து யாருக்காவது 150 பாகை என்று தோன்றுமா? பையை அவசரப்பட்டு எண்ணாக்கினால் இதெல்லாம் மறைந்துபோகும். நீளமோ பரப்போ சென்டிமீட்டர் கணக்கில் தேவைப்பட்டால், கடைசி வரியில் 3.14 போட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு இடத்திலும் பிள்ளைகள் தவறுகிறார்கள். பை எக்ஸுடன் ஒட்டி நிற்கும் கணக்கு அது. பைஎக்ஸ் − 2/3 = 5/6 என்று வைத்துக்கொள்வோம். 2/3ஐ அந்தப் பக்கம் கொண்டுபோனால் பைஎக்ஸ் = 3/2. இங்கே பலர் பையைக் கழித்து, 3/2 − பை என்று எழுதிவிடுகிறார்கள். எக்ஸோடு பெருக்கலில் நிற்பதை வகுத்துத்தான் விலக்க முடியும். 4எக்ஸ் = 12 என்றால் யாரும் நான்கைக் கழிப்பதில்லையே. ஆகவே எக்ஸ் = 3/(2பை). சந்தேகம் வந்தால் பையை ஏறக்குறைய 3 என்று வைத்து மனக்கணக்காகப் பார்க்கட்டும்: எக்ஸ் அரைக்குப் பக்கத்தில் வரும். 3/2 − பை என்பதோ குறை எண்ணாகிவிடும். அதைச் சமன்பாட்டில் போட்டால் இடது பக்கமும் குறை எண்ணாகும், வலது பக்கத்தில் இருப்பதோ 5/6. தவறு அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு வாரம், தினம் இரண்டு கணக்கு போதும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இந்த வரி எப்படி வந்தது?’ என்று மட்டும் கேளுங்கள். முதல் கணக்கு இதோ: 2எக்ஸ்/5 − பை/2 = பை/10. விடை 3பை/2 வர வேண்டும். வராவிட்டால் அவள் போட்ட வரிகளை அப்படியே எழுதி அனுப்புங்கள், எங்கே இடறுகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.