கல்லாகிப்போன சிங்கி இறால்: கேட்டவர்களுக்குப் பதில்

போன வாரம் நம் குழுவின் ராயபுரத்து உறுப்பினர் ஒருவர், கப்பலில் வேலை பார்த்த தன் தாத்தா இங்கிலாந்தின் வைட் தீவிலிருந்து கொண்டுவந்த கல் உருண்டையின் படத்தைக் காட்டினார். உடைந்த பக்கத்தில் ஒரு இறாலின் முதுகும் வாலும் தெரிகின்றன. ‘இது எந்த இனம்?’ என்று அவர் கேட்டதிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

கேள்வி (காசிமேடு, ஏலக்கூடத்தில் வேலை): தினம் சிங்கி இறால் பார்க்கிறவன் நான். படத்தில் இருப்பதும் அதேதானே சார்?

பதில்: இல்லை அண்ணே. ஆனால் உங்கள் கண் இதற்கு ரொம்ப உதவும். நாளைக்கு ஐஸ் மேல் கிடக்கிற சிங்கியை எடுத்துப் பாருங்கள். முன்னங்காலில் கொடுக்கு இருக்காது. மீசையின் அடிப்பகுதி தடித்து, முள் முள்ளாக இருக்கும். அது பாலினூரிடே குடும்பம். மேற்கு நாட்டார் படங்களில் பெரிய கொடுக்கோடு வரும் இறால் நெஃப்ரோபிடே குடும்பம். அதில் முதல் மூன்று ஜோடிக் கால்களின் நுனியிலும் கொடுக்கு உண்டு, முதல் ஜோடி மட்டும் பெருத்திருக்கும். பாலிகெலிடா என்று இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவற்றுக்கு நான்கு ஜோடிக் கால்களிலாவது கொடுக்கு இருக்கும்.

ஆக, முதலில் கால் நுனியைப் பார்க்க வேண்டும். ஆனால் கல்லில் கால்கள் பெரும்பாலும் ஒடிந்து போயிருக்கும், நிறம் சுத்தமாகப் போயிருக்கும். மிஞ்சுவது முதுகை மூடிய ஓடு, அதாவது முதுகோடு. அதில்தான் என் உயிரே இருக்கிறது! சிங்கியின் முதுகில் விரலை வைத்து முன்னும் பின்னும் தடவுங்கள். குறுக்கே ஒரு பள்ளம் தட்டுப்படும். கழுத்துப் பள்ளம் என்போம். தாடையை இழுக்கும் தசை அதை ஒட்டித்தான் உள்ளே பிடித்திருக்கிறது. அதற்குப் பின்னால் இன்னும் பள்ளங்கள் வரலாம். எரிமா என்ற ஜுராசிக் கால இறாலில் மூன்று பள்ளங்களும் தெளிவாக இருக்கும். ஹோப்லோபாரியா என்ற இன்னொரு அழிந்த இறாலில் கடைசிப் பள்ளம் மங்கியோ மறைந்தோ இருக்கும். எத்தனை பள்ளம், எந்தச் சாய்வு, எங்கே சேர்கிறது என்பதை வைத்தே பேரினத்தை (நெருங்கிய இனங்களின் தொகுப்பை) பிரிக்கிறோம். மேடுகள், முட்கள், வால் துடுப்பின் அமைப்பு எல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

ராயபுரத்துக் கல்லில் முன்னங்கால் நீண்டு மெலிந்திருக்கிறது, பெரிய கொடுக்கு இல்லை. முதுகோட்டில் கழுத்துப் பள்ளம் ஆழமாக இருக்கிறது. வைட் தீவின் ஆதர்ஃபீல்ட் கரையில் இதே மாதிரி உருண்டைகள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றில் இருப்பது ஆதர்ஃபீல்டஸ்டாகஸ் மாக்னஸ், ஏறக்குறைய 12 கோடி ஆண்டுகள் பழையது. இதுவும் அதுவே என்பது என் கணிப்பு. கல்லை நேரில் பார்த்து, பள்ளங்களை அளந்த பிறகுதான் உறுதியாகச் சொல்வேன்.

கேள்வி (வண்ணாரப்பேட்டை, கல்லூரி மாணவி): பழைய நூலில் இதற்கு மெயேரியா மாக்னா என்று பெயர் போட்டிருக்கிறதே?

பதில்: 1849-ல் மெக்காய் வைத்த பெயர் அது. பிறகு ஆராய்ந்தவர்கள் இது மற்ற மெயேரியாக்களிலிருந்து வேறுபடுவதைக் கண்டு, 2016-ல் தனிப் பேரினமாக்கினார்கள். பெயர் மாறியதால் பழைய ஆய்வு பொய்யாகிவிடாது. உயிரோடு இருக்கும் இனங்களுக்கும் இப்படி நடக்கிறது. நம் வலைகளில் விழும் தட்டையான தீனஸ் இறாலை நெடுநாள் தீனஸ் ஓரியண்டாலிஸ் என்றே எழுதி வந்தார்கள். 2007-ல் பர்ட்டன், டேவி இருவரும் அந்தப் பேரினத்தை அலசி ஐந்து இனங்களாகப் பிரித்தார்கள். கையில் உயிரோடு இருப்பதிலேயே இத்தனை குழப்பம் என்றால், கல்லான வெறும் ஓடு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் வைப்பவர் எத்தனை நிதானமாக இருக்க வேண்டும் என்று பாருங்கள்.

கேள்வி (அதே மாணவி): செத்த உடலா, கழற்றிப் போட்ட ஓடா என்று எப்படித் தெரியும்?

பதில்: நல்ல கேள்வி அம்மா. இறால் வளர வளர ஓட்டைக் கழற்றும். அப்போது முதுகோட்டுக்கும் வயிற்றுப் பகுதிக்கும் இடையில் திறந்து, அந்த வழியாக வெளியே வரும். கல்லில் முதுகோடு தூக்கி, வாலிலிருந்து விலகிக் கோணமாகக் கிடந்தால் அது கழற்றிய ஓடாக இருக்கும். எல்லாம் பொருந்தி இருந்தால் உடலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே இறால் வாழ்நாளில் பல ஓடுகளை விட்டுப் போகும். அதனால் ஓடுகளை எண்ணி இறால்களின் எண்ணிக்கையைச் சொல்லக் கூடாது. சின்ன ஓடு, பெரிய ஓடு என்று இரண்டு இனமாகப் பிரிப்பதும் தவறு.

கேள்வி (தண்டையார்பேட்டை): எங்கள் வீட்டுக் கடப்பா கல்லில் மீசையும் காலும் மாதிரிக் கிளை கிளையாக இருக்கிறதே?

பதில்: அது மாங்கனீசு கசிந்து போட்ட கோலம். கடப்பா கல் படிந்த காலத்தில் இறால் இனமே உலகில் கிடையாது.

கேள்வி (ராயபுரம், பள்ளி மாணவன்): அழிந்த இனம் என்று சொல்லிவிட்டு, பிறகு உயிரோடு கிடைத்தால் என்ன செய்வீர்கள் ஐயா?

பதில்: கிடைத்திருக்கிறது தம்பி! அதுவும் உங்கள் தெருக் கல்லில் இருப்பதன் சொந்தக்காரக் கூட்டத்திலேயே. கிளைஃபியா வகை இறால்கள் ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அற்றுப்போனதாக எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1908-ல் ஆல்பட்ராஸ் என்ற அமெரிக்க ஆய்வுக் கப்பல் பிலிப்பைன்ஸ் கடலில் ஒரு ஆண் இறாலைப் பிடித்தது. அது அருங்காட்சியகத்தில் சாராய ஜாடிக்குள் கிடந்தது. 1975-ல்தான் பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஃபாரெஸ்டும் தெ செயின்ட் லாரன்டும் அது உயிருள்ள கிளைஃபியா வகை என்று கண்டு, ‘எதிர்பாராதது’ என்ற பொருளில் நியோகிளைஃபியா இனோபினாட்டா என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே அதே கடலில் தேடப் போய் இன்னும் சிலவற்றைப் பிடித்தார்கள். 2005-ல் நியூ கலிடோனியா பக்கம் இரண்டாவது இனமும் கிடைத்தது. அந்த ஜாடியில் இருந்ததை அடையாளம் காட்டியது எது தெரியுமா? புதைபடிவங்களின் முதுகுப் பள்ளங்களைப் படித்து வைத்திருந்த அறிவு.

கேள்வி (எண்ணூர்): அரியலூர் போனால் இப்படிக் கல் எடுக்கலாமா? என் பெயரை வைப்பார்களா?

பதில்: அரியலூர்ப் பகுதி கிரிடேசியஸ் காலக் கடற்படிவு; அம்மோனைட்டுகள் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிர்களுக்குப் பேர்போனது. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்டோலிச்கா என்ற புதைபடிவ ஆய்வாளர் அங்கத்திய உயிரினங்களை விரிவாக எழுதியிருக்கிறார். எதையாவது பார்த்தால் உடனே பெயர்த்து எடுக்காதீர்கள். இடத்தோடும் அளவுகோலோடும் படம் எடுங்கள், எந்தப் பாறை அடுக்கு என்று குறியுங்கள், அப்புறம் புவியியல் துறையினரிடம் காட்டுங்கள். புது இனமென்றால் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரியை எல்லோரும் பார்க்கக்கூடிய அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். கண்டெடுத்தவர் பெயரை வைக்கும் வழக்கம் உண்டு. அது ஆய்வை எழுதுபவர் விருப்பம்.

ராயபுரத்துக்காரரே, உங்கள் கல்லோடு, அதை எங்கே எடுத்தார் என்று தாத்தா எழுதி வைத்த சீட்டு ஏதாவது பெட்டியில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், ஒட்டிய துண்டுத்தாளாக இருந்தாலும் கிழிக்காமல் எடுத்து வாருங்கள்.