பன்றி இறைச்சி இல்லாத காலர்ட் கீரை

கேள்வி: அட்லாண்டாவில் குடியிருக்கிறோம். அமெரிக்கத் தென்மாநிலச் சமையலை இந்தக் காலத்துக்கு ஏற்ப மாற்றித் தரும் புத்தகம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்துப்போய், சனி ஞாயிறுகளில் அதைப் பார்த்துத்தான் சமைக்கிறேன். நாங்கள் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை. அதை விட்டுவிட்டுச் செய்தால் காலர்ட் கீரை சப்பென்று இருக்கிறது. மக்காச்சோள மாவில் செய்யும் கார்ன்பிரெட் ரொட்டியும் கேக் மாதிரி மெத்தென்று வருகிறது, ஓரம் மொறுமொறுப்பாக வருவதே இல்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஜார்ஜியா

பதில்: தாராளமாக மாற்றிச் சமையுங்கள். அந்த ஊர்ச் சமையல் என்றாலே பொரித்த கோழிதான் என்று பலர் நினைக்கிறார்கள். வீடுகளில் நாள்தோறும் வெந்ததெல்லாம் பெரும்பாலும் கீரை, பயறு, மக்காச்சோளம்தான். இறைச்சித் துண்டு ருசிக்காகச் சேர்ந்தது. அதனால் அதை எடுக்கும் முன், பானைக்குள் அது என்ன வேலை செய்தது என்று பாருங்கள்.

கீரையில் போடும் புகையூட்டிய பன்றிக்கால் உப்பு, கொழுப்பு, புகைவாசம் மூன்றையும் தருகிறது. நீங்கள் மூன்றையும் சேர்த்து எடுத்துவிட்டீர்கள், பதிலுக்கு எதுவும் போடவில்லை. கோழி, வான்கோழி சாப்பிடுவீர்கள் என்றால் புகையூட்டிய வான்கோழிக் கால் வாங்குங்கள். அங்கேயே பல குடும்பங்கள் அதற்கு மாறிவிட்டன. முதலில் அதை மட்டும் ஒரு மணி நேரம் வேகவிட்டு, அந்தத் தண்ணீரில் கீரையைப் போடுங்கள். சைவமாக வேண்டுமா? எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றி, வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கி, புகையூட்டிய பாப்ரிகா (காரம் குறைந்த மிளகாய்ப் பொடி) ஒரு டீஸ்பூன், சோயா சாஸ் ஒரு டீஸ்பூன் சேருங்கள்.

காலர்ட் முட்டைக்கோஸ் இனம், இலை தடிமன். நடுத்தண்டை உருவிவிட்டு நறுக்கி, சிறு தீயில் முக்கால் மணி நேரமாவது வேகவையுங்கள். புதுப் புத்தகங்கள் சில ஐந்து நிமிடம் வதக்கினால் போதும் என்கின்றன. பிஞ்சு இலைக்கு அது சரி, முற்றிய இலைக்கு நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆப்பிள் வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன், இறக்கும்போது.

அடுத்து கார்ன்பிரெட். கேக் மாதிரி வருகிறது என்றால் கோதுமை மாவும் சர்க்கரையும் கூடியிருக்கிறது. பழைய தென்மாநிலப் பக்குவத்தில் இரண்டும் இருக்காது, இருந்தாலும் மிகக் கொஞ்சம். கல்லில் அரைத்த கார்ன்மீல் (மக்காச்சோள ரவை) வாங்கி, ஃப்ரிட்ஜில் வையுங்கள். முளைப்பகுதியும் சேர்ந்து அரைபடுவதால் வெளியே வைத்தால் சிக்கு வாடை வந்துவிடும்.

மொறுமொறுப்பு முழுக்க வாணலியின் கையில். 25 செ.மீ. வார்ப்பிரும்பு வாணலியை வெறுமனே ஓவனில் வைத்து 450 ஃபாரன்ஹீட்டுக்குச் சூடாக்குங்கள். நன்கு காய்ந்ததும் வெளியே எடுத்து, இரண்டு டேபிள்ஸ்பூன் நெய் விட்டு, உடனே மாவை ஊற்றுங்கள். பன்றிக் கொழுப்புக்குப் பதில் நெய் அருமையாகப் பொருந்தும், வெண்ணெய் அந்தச் சூட்டில் கருகிவிடும். ஊற்றியதும் ‘சொர்ர்’ என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் வாணலி இன்னும் காயவில்லை. மறுபடி ஓவனில் வைத்தால் 20 நிமிடத்தில் ஓரம் சிவந்து வாணலியை விட்டு விலகும். மாவு கரைக்க அங்கே கடையில் கிடைக்கும் கெட்டியான பட்டர்மில்க்கே வேண்டும். அதன் புளிப்பு இருந்தால்தான் சமையல் சோடா பொங்கும். கிடைக்காத அன்று ஒரு கப் பாலில் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு பிழிந்து பத்து நிமிடம் வையுங்கள், சமாளிக்கலாம்.

அப்புறம், கீரை வெந்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். பாட் லிக்கர் என்று பேர் வைத்து, கார்ன்பிரெட்டை அதில் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். மிஞ்சினால் மறுநாள் அதிலேயே காராமணியை வேகவைத்து, சோற்றோடு கலந்து பாருங்கள். புத்தாண்டு அன்று அங்கே வீட்டுக்கு வீடு செய்கிற ஹாப்பின் ஜான் கிட்டத்தட்ட அதுதான்.