அரை மாரத்தான் பயிற்சியோடு ரோயிங்கும் செய்யலாமா?

கேள்வி: ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஜிம்மில் இருக்கும், உட்கார்ந்து துடுப்புப் போடுவதுபோல் இழுக்கும் ரோயிங் மெஷினும் பிடித்துப் போய்விட்டது. ஓட்ட நாட்களைக் குறைத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு மூன்று நாள் அதில் உட்காரலாமா? ஓடும் வேகம் குறைந்துவிடுமா?

தாராளமாக உட்காரலாம். நானும் பல வருஷமாக இரண்டையும் சேர்த்துத்தான் செய்கிறேன். வேகம் குறையுமா என்பது, எந்த ஓட்டத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரோயிங்கை வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. வாரத்தில் ஓர் ஈஸி ரன்னை, அதாவது பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டத்தை, எடுத்துவிட்டு வைத்தால் ஒரு நஷ்டமும் இல்லை. வாரத்தின் நீண்ட ஓட்டமான ஞாயிற்றுக்கிழமை லாங் ரன்னை எடுத்துவிட்டு வைத்தால், போட்டியன்று 16வது கிலோமீட்டரில் கால் கணக்கு கேட்கும்.

இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நீங்கள் ஓடுகிறீர்களா துடுப்புப் போடுகிறீர்களா என்பது பெரிய விஷயமில்லை. ஒரு மணி நேரம் ரத்தத்தை அடித்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். எலும்புக்கும் தசைநாணுக்கும் அப்படி இல்லை. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு விசை ஒற்றைக் காலில் இறங்குகிறது. அதை வாங்கிக்கொள்ளும்போது தொடையும் கெண்டைக்காலும் நீண்டுகொண்டே இறுக்கிப் பிடிக்கின்றன. மறுநாள் படி இறங்கும்போது வலிக்கிறதே, அது இந்த வேலையால் வருவது. ரோயிங்கில் பாதம் ஃபுட் பிளேட்டை விட்டு எழுவதே இல்லை. தசை சுருங்கிக்கொண்டேதான் தள்ளுகிறது. தரையில் இறங்கும் அடி என்று ஒன்று கிடையாது. அதனால்தான் ஒரு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டு வந்தாலும் மறுநாள் கால் லேசாக இருக்கிறது. அதே காரணத்தால், 21 கிலோமீட்டர் தார் ரோட்டை வாங்கும் தெம்பு அதிலிருந்து காலுக்கு வருவதுமில்லை. ரோயிங்கை மட்டும் நம்பிப் போட்டிக்கு வருகிறவர்களுக்கு மூச்சு வாங்காது, கெண்டைக்கால்தான் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, ஓட்டக்காரர்கள் எல்லோரும் மெஷினில் முதல் மாதம் தடுமாறும் இடம். திரையில் 500 மீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று ஒரு எண் ஓடும். ஸ்ப்ளிட் என்பார்கள். அதை ஓட்டத்தின் பேஸ் (ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம்) மாதிரியே நினைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு பத்து விநாடி குறைத்துப் பார்ப்போமே" என்று இழுப்போம். ஓட்டத்தில் அது நடக்கும். ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் ஒரு கிலோகலோரி ஆகும். மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, பத்து சதவீதம் வேகம் கூட்டினால் நிமிடத்துக்கு ஆகும் செலவும் ஏறக்குறைய பத்து சதவீதம்தான் கூடும். மெஷின் அப்படியல்ல. காற்றை வெட்டிச் சுழலும் சக்கரம் அது. வேகத்தின் மூன்றாம் அடுக்கில் சக்தி கேட்கும். பத்து சதவீத வேகத்துக்கு முப்பத்து மூன்று சதவீதம் கூடுதல் உழைப்பு. எண்ணில் சொன்னால், கான்செப்ட் 2 கம்பெனி மெஷினில் 2:00 ஸ்ப்ளிட் என்பது சுமார் 200 வாட். 1:50 என்பது சுமார் 260 வாட். பார்வைக்குப் பத்து விநாடி, உழைப்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதிகம்.

இது உறைத்துவிட்டால் பல சங்கதிகள் தானாகப் புரியும். 2000 மீட்டரை முடிந்த வேகத்தில் இழுக்கும் டெஸ்ட்டில் 2:00 போட வேண்டியவர் உற்சாகத்தில் 1:50-ல் கிளம்பினால், பாதி தாண்டியதும் தொடையில் நெருப்பு வைத்த மாதிரி ஆகிவிடும். முன்னால் சேமித்த விநாடிகளைப் போல இரண்டு மடங்கைப் பின்னால் கொடுப்பார். ஈஸி ரோயிங் என்று உட்கார்ந்து ஸ்ப்ளிட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அது எப்போது ஈஸி இல்லாமல் போனது என்பதே தெரியாது. முதல் இரண்டு மாதம் திரையை வாட்டுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பேஸ் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது நல்ல வைத்தியம்.

"மெஷினில் 10 கிலோமீட்டர் போட்டால் எத்தனை கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம்?" என்று கேட்காத ஆள் இல்லை. தூரத்தை தூரத்தோடு ஒப்பிட வேண்டாம். 45 நிமிட ஈஸி ரன்னுக்குப் பதில் 45 நிமிட ஈஸி ரோயிங். நாடித்துடிப்பும் அப்படியே பொருந்தாது. உட்கார்ந்து செய்வதால், அதே சிரமத்துக்கு ரோயிங்கில் துடிப்பு பொதுவாக ஐந்து முதல் பத்து வரை குறைவாக இருக்கும். ஓட்டத்தில் 145-ல் ஈஸி என்றால், மெஷினில் 145 வரும்வரை இழுத்துக்கொண்டிருந்தால் அது ஈஸி அல்ல. முழு வாக்கியம் பேச முடிகிறதா என்ற பழைய சோதனையே போதும். ஸ்ட்ரோக் ரேட், அதாவது இழுப்பின் எண்ணிக்கை, நிமிடத்துக்கு 18 முதல் 20 போதும். ஓடுகிறவர்களுக்கு இது நிரம்ப மெதுவாகத் தோன்றும். காலடி எண்ணிக்கை நிமிடத்துக்கு 170, 180 என்று பழகியவர்கள் இல்லையா. 28, 30 என்று படபடவென்று அடிப்பார்கள், இழுப்பில் ஒன்றும் இருக்காது. மெதுவாக வந்து, அழுத்தித் தள்ளி, பொறுமையாகத் திரும்ப வேண்டும்.

மெஷினின் பக்கத்தில் 1 முதல் 10 வரை எண் போட்ட ஒரு லீவர் இருக்கும். டேம்பர். நம் ஊர் ஜிம்களில் பத்தில் ஒன்பது அதை 10-ல்தான் பார்த்திருக்கிறேன். யாராவது பலசாலி வைத்துவிட்டுப் போயிருப்பார், பின்னால் வருபவர் அதைக் குறைத்தால் மானம் போய்விடும் என்று நினைப்பார். அது கஷ்டத்தின் அளவு அல்ல. சக்கரத்துக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதன் அளவு. 10-ல் வைத்தால் ஒவ்வொரு இழுப்பும் கனமாக இருக்கும், அந்தக் கனம் இடுப்பில் போய் உட்காரும். 3 முதல் 5 வரை வைத்துக்கொள்ளுங்கள். மெஷினின் மெனுவில் டிராக் ஃபேக்டர் (காற்று சக்கரத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண்) பார்க்கலாம்; 110 முதல் 130-க்குள் இருந்தால் சரி. சக்கரக் கூண்டில் தூசி அடைத்த பழைய மெஷினில் இந்த எண் குறைவாகக் காட்டும், அப்போது லீவரை ஒன்றிரண்டு ஏற்றிக்கொள்ளலாம்.

உடம்பு வாகையும் சொல்ல வேண்டும். ஓடுகிறவர்களுக்குத் தொடையின் பின்பக்கமும் கெண்டைக்காலும் இறுகியிருக்கும். மெஷினில் முன்னால் வரும்போது இடுப்பிலிருந்து மடிய வேண்டும். பின்தொடை விடாவிட்டால் முதுகு வில்லாக வளையும். அந்த நிலையில் ஆயிரம் தடவை இழுத்தால் கீழ்முதுகு சும்மா இருக்குமா? ஆகவே முழுவதும் முன்னால் வர வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம். முழங்காலுக்குக் கீழே கால் செங்குத்தாக நிற்கும் இடத்தைத் தாண்ட வேண்டியதில்லை. அதற்கு முன்பே முதுகு வளையத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திக்கொண்டு தள்ளுங்கள். தள்ளும் வரிசை கால், இடுப்பு, கை. திரும்பும் வரிசை கை, இடுப்பு, கால். இதை யாராவது அருகில் நின்று பார்த்துச் சொன்னால் நல்லது. யூடியூப் பார்த்துக் கற்றவர்களின் கை எப்போதும் அவசரப்படும்.

அடிபட்ட காலத்தில் ரோயிங் பெரிய உபகாரம். ஆனால் எல்லா அடிக்கும் இல்லை. முன்னங்கால் எலும்பு வலி, குதிகாலின் அடியில் வலி என்றால், டாக்டர் சரி என்று சொன்ன பிறகு மெஷினில் உட்கார்ந்து மூச்சுத் தெம்பைக் காப்பாற்றிக்கொள்ளலாம். முழங்கால் சில்லுக்குப் பின்னால் வலி, பின்தொடைப் பிடிப்பு, கீழ்முதுகு வலி, இந்த மூன்றுக்கும் ரோயிங் மருந்தல்ல, கூட்டிவிடும். தீவிரமாக ரோயிங் செய்கிறவர்களுக்கு விலா எலும்பில் கீறல் விழுவதும் உண்டு. மார்புக்கூட்டின் பக்கவாட்டில், மூச்சு இழுக்கும்போது குத்தும் வலி வந்தால் வாயு என்று சோடா குடித்துவிட்டுத் தொடராதீர்கள். நன்றாக ஆறி ஓட்டத்துக்குத் திரும்பும்போது இன்னொரு ஆபத்து: மூச்சு பழையபடி இருப்பதால் கால் தயாராக இல்லை என்பதை மூச்சு சொல்லாது. நடையும் ஓட்டமுமாகக் கலந்து, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

என் வாரம் எப்படி இருக்கும் என்று கேட்டால்: ஞாயிறு விடியற்காலையில் லாங் ரன். திங்கட்கிழமை ஓட மாட்டேன். அரை மணியோ முக்கால் மணியோ மிக மெதுவாக ரோயிங். இரண்டையும் சேர்த்துச் செய்வதில் எனக்குப் பிடித்த பலனே இந்தத் திங்கட்கிழமைதான். காலுக்கு அடி இல்லாமல் ரத்த ஓட்டம் மட்டும் கிடைக்கிறது. செவ்வாய் அல்லது புதன் ஒரு டெம்போவோ (சீரான வேக ஓட்டம்) இன்டர்வலோ (வேகமும் ஓய்வும் மாறி மாறி), ஓட்டமாகத்தான். மறுநாள் ஈஸி ரன். வெள்ளிக்கிழமை ரோயிங்கில் கொஞ்சம் கனமான வேலை வைக்கும் வழக்கம் சிலருக்கு உண்டு, எனக்கு ஒத்துவருவதில்லை. பெரிய தொடைத் தசைகளின் சோர்வு சனி முழுக்க இருந்து ஞாயிறு லாங் ரன்னில் வந்து நிற்கிறது. அதனால் ரோயிங்கில் இன்டர்வல் செய்தால் வாரத்தின் நடுவில், அந்த வாரம் ஓட்டத்தில் இன்டர்வல் கிடையாது. வாரத்துக்குக் கடினமான நாள் இரண்டு, லாங் ரன்னையும் சேர்த்து. அதற்கு மேல் இருபது வயதுக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

சென்னையின் பருவமும் இதற்குத் தோதாக இருக்கிறது. ஜனவரிப் போட்டிக்குத் தயாராகும் மாதங்களில்தான் வடகிழக்குப் பருவமழை. பெசன்ட் நகரிலும் மெரினாவிலும் ஓட முடியாத, முழங்கால் தண்ணீர் நிற்கும் காலைகள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வந்துகொண்டே இருக்கும். அந்த நாட்களை மெஷினுக்குக் கொடுங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: ஏசி இல்லாத அறையில் மெஷினில் உட்கார்ந்தால் ஓடும்போதைவிட மோசமாக வேர்க்கும். ஓடும்போது நம் வேகமே கொஞ்சம் காற்று கொடுக்கும், இங்கே அதுவும் இல்லை. ஃபேனுக்கு நேராக மெஷினை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், உப்புப் போட்ட மோரோ எலுமிச்சைச் சாறோ பக்கத்தில் இருக்கட்டும்.

போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் ரோயிங்கைத்தான் முதலில் குறைப்பேன். கடைசி வாரம் அறவே இல்லை. அந்த வாரத்தில் மீதியிருக்கும் கொஞ்ச உழைப்பும் ஓட்டமாகவே இருக்கட்டும்.

மேல்உடம்பு பருத்து வேகம் போய்விடும் என்ற பயம் வேண்டாம். வாரம் இரண்டு மூன்று ஈஸி ரோயிங்கில் யாரும் பயில்வான் ஆவதில்லை. முதுகும் தோளும் கொஞ்சம் உறுதிப்படும். கடைசி ஐந்து கிலோமீட்டரில் கூன் போடாமல் ஓட அது உதவுகிறது என்பது என் அனுபவம். ஆனால் ரோயிங்கிலேயே போட்டி போட நினைத்தால் நிலைமை வேறு. அங்கே 2000 மீட்டர், ஆறிலிருந்து எட்டு நிமிடம், கனமான உயரமான உடம்புக்குச் சாதகம். மெஷின் உங்கள் எடையைக் கேட்பதே இல்லை. 60 கிலோ ஓட்டக்காரர் 90 கிலோ ஆளின் ஸ்ப்ளிட்டைப் பார்த்து மனம் நொந்து பயனில்லை. அவரை மலை ஏறி ஓடச் சொல்லிப் பாருங்கள். இரண்டு பக்கமும் நன்றாகப் போனவர் என்றால் பிரிட்டனின் ஜேம்ஸ் கிராக்னெல். 2000, 2004 ஒலிம்பிக்கில் ரோயிங் தங்கம், பிறகு 2010-ல் சஹாரா பாலைவனத்தில் நடக்கும் மாரத்தான் தெ சாப்ல் ஓட்டத்தில் 12வது இடம். அவரும் இரண்டையும் ஒரே வருஷத்தில் உச்சத்துக்குக் கொண்டுபோகவில்லை. நம் நாட்டில் பாதை எதிர்ப்பக்கமாக, ஓட்டத்திலிருந்து ரோயிங்குக்குப் போகிறது. 2010 குவாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற பஜ்ரங் லால் தாக்கரும், 2016 ரியோ ஒலிம்பிக்கில் 13வது இடம் பிடித்த தத்து போகனளும் ராணுவத்துக்குப் போன பிறகே துடுப்பைப் பிடித்தவர்கள். ராணுவத்தில் சிப்பாயாகச் சேர வேண்டுமென்றால் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தில் தேற வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

மெஷினோடு நிற்காமல் தண்ணீரில் இறங்கும் ஆசை வந்தால் அதற்கும் இங்கே பழைய மரபு உண்டு. அடையாற்றங்கரையில் 1867-ல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப், கொழும்பு ரோயிங் கிளப்போடு 1898 முதல் ரெகாட்டா என்ற படகுப் போட்டி நடத்தி வந்திருக்கிறது. ஆனால் அதை ஜனவரிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் ஆற்றில் வெள்ளமும் ஆகாயத்தாமரையும் வந்து சேரும், புதிதாகப் பழகுகிறவர்கள் படகு இறக்கும் காலமல்ல அது. படகில் சமநிலை பழகவே சில வாரம் பிடிக்கும். அதுவரை உங்கள் மூச்சுத் தெம்புக்கு அங்கே வேலையே இருக்காது. எந்த கிளப்புக்குப் போனாலும் முதலில் கேட்பது உங்கள் மாரத்தான் நேரத்தை அல்ல, நீச்சல் தெரியுமா என்பதைத்தான். தெரியாவிட்டால் அதை இப்போதே தொடங்கிவிடுங்கள்.