துணைவேந்தர் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடுவது யார்?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் எல்லா அதிகாரமும் துணைவேந்தரிடம்தானே இருக்கிறது? அப்படியானால் அந்தப் பதவி மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தும் பல்கலைக்கழகம் எப்படி ஓடுகிறது?

தமிழ்நாட்டில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுப் பிரிவில் (நாங்கள் சிண்டிகேட் செக்‌ஷன் என்போம்) பல வருடம் வேலை பார்த்தவன் நான். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள், ஓய்வூதியம் வாங்குகிறேன்.

சட்டப்படி பார்த்தால் எல்லா அதிகாரமும் துணைவேந்தரிடம் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் 1923-ஆம் வருடச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வேந்தர் ஆளுநர், இணைவேந்தர் கல்வித்துறையைக் கவனிக்கும் அமைச்சர். அப்புறம் துணைவேந்தர், பதிவாளர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், நிதி அலுவலர். இவர்கள் எல்லாரும் அலுவலர்கள். நிர்வாக அதிகாரம் ஆட்சிக்குழுவுக்கு, பாடம் சார்ந்தது கல்விக்குழுவுக்கு. ஒரு உதவிப் பேராசிரியரை நியமிப்பதானாலும் ஆட்சிக்குழு தீர்மானம் போட வேண்டும்.

ஆனால் ஒரே ஒரு பிரிவு இருக்கிறது. அவசரம் என்று துணைவேந்தர் கருதினால் அவரே முடிவெடுத்துவிட்டு, பிறகு உரிய அமைப்பிடம் தெரிவித்தால் போதும். எனக்குத் தெரிந்து துணைவேந்தரின் உண்மையான பலம் இதுதான். கோப்பில் ‘ஆட்சிக்குழுவின் பின்னேற்பை எதிர்நோக்கி’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் வேலை நடந்துவிடும். அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் பாதி, ஏற்கெனவே நடந்து முடிந்த விஷயங்களாக இருக்கும். ஒருமுறை ஒரு உறுப்பினர், ஒரு கல்லூரித் தாளாளர், "கட்டடம் எழும்பிவிட்டது, இப்போது அனுமதி கேட்கிறீர்களே, இடிக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. அரசுத் துறைச் செயலாளர்களும் ஆட்சிக்குழுவில் உறுப்பினர்கள்தான். நான் பார்த்தவரை பெரும்பாலும் அவர்களுக்குப் பதிலாக வேறொருவர் வந்து உட்கார்ந்திருப்பார். அவருக்கு வாய் திறக்க உத்தரவு இருக்காது.

பதிவாளரைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். முத்திரை, ஆவணங்கள், கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எல்லாம் அவர் பொறுப்பு. வழக்கு என்று வந்தால் பல்கலைக்கழகத்தின் சார்பில் கையெழுத்துப் போடுபவரும் அவர்தான்.

துணைவேந்தரின் பதவிக்காலம் மூன்று வருடம். (அந்தக் காலத்தில் மறுபடி மறுபடி நியமிக்க முடிந்தது. ஏ. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 வருடம் இருந்தார். இன்று நினைத்துப் பார்க்க முடியுமா?) தேடுதல் குழு மூன்று பெயர்களைத் தரும், வேந்தர் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார். சண்டையே அந்தக் குழுவில்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிமுறைப்படி அதில் யு.ஜி.சி. பிரதிநிதி வேண்டும் என்றார் ஆளுநர். எங்கள் சட்டத்தில் அப்படி இல்லை என்றது மாநில அரசு. இடையில், நியமன அதிகாரத்தையே அரசுக்கு மாற்ற 2022-ல் சட்டப்பேரவை மசோதாக்களை நிறைவேற்றியது. நிலுவையில் கிடந்த 10 மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று 2025 ஏப்ரல் 8-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் திருத்தங்களுக்கு இடைக்காலத் தடை விதித்தது. இதில் ஒரு வேடிக்கை, 2013-ல் தொடங்கிய தமிழ்நாடு இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்துக்கு முதல்வர்தான் வேந்தர். அங்கே இந்தத் தகராறே கிடையாது.

சரி, நாற்காலி காலியானால்? துணைவேந்தர் வேலையைத் தற்காலிகமாகப் பார்க்க ஒரு குழு, கன்வீனர் கமிட்டி, போடுவார்கள். பெரும்பாலும் உயர்கல்வித் துறைச் செயலாளர் கன்வீனர், கூட இரண்டு பேர். சம்பளம் வரும், தேர்வு நடக்கும், ஆனால் புதிதாக எதையும் தொடங்க மாட்டார்கள். ‘நிரந்தரத் துணைவேந்தர் வந்ததும் பரிசீலிக்கலாம்’ என்று எழுதித் திருப்பி அனுப்பிய கோப்புகளை அடுக்கவே எங்கள் பிரிவுக்குத் தனி அலமாரி வாங்கினோம். கையெழுத்துக்கு என்ன செய்தோம் என்றால், வாரம் ஒருவர் முறைபோட்டு இரண்டு பை நிறையக் கோப்புகளோடு இரவு ரயிலில் சென்னைக்குப் போய், தலைமைச் செயலக வராந்தாவில் காத்திருந்தோம். செயலாளருக்கு வேறு கூட்டம் இருந்தால் அதே பைகளோடு திரும்பி வருவோம்.